பட்டாளத்து லாரியின் பன்னிரண்டு வால்வுகள்

எந்த யந்திரத்தையும் பிரிப்பது சுலபம். திரும்பப் பூட்டுவதுதான் கஷ்டம். வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்த பையன் எவனைக் கேட்டாலும் இந்த உண்மையைச் சொல்லுவான். எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு தாம்பாளத்தில் இரண்டு திருகாணிகளும் ஒரு சின்னஞ்சிறு சக்கரமும் மிஞ்சிக் கிடக்கும். "இவை இல்லாமலே ஓடினாலும் ஓடும்" என்று மனசுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு சாவி கொடுப்பான். கடிகாரம் ஓடாது.

கைக்கடங்கிய கடிகாரத்தின் சங்கதியே இப்படியென்றால், இரண்டாவது உலக யுத்தத்தில் ஓடிய பட்டாளத்து லாரியின் யந்திரத்தை எண்பது வருஷங்களுக்குப் பிறகு பிரித்துப் பூட்டுகிறவர்களின் பாடு எப்படியிருக்கும்? பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்தக் காரியத்தை ஒரு விரதம்போல நடத்தி வருகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய வேலையில் ஒரே ஒரு பகுதியை, அதாவது வால்வுகளையும் அவற்றை அசைக்கும் உறுப்புகளையும் திரும்பப் பூட்டும் பகுதியை, இந்த வாரம் எடுத்துக்கொள்வோம். திருப்புளியைக் கையால் தொட்டறியாத வாசகர்கள் பயப்பட வேண்டாம். அம்மியும் குழவியும் தெரிந்தவர்களுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

முதலில் லாரியின் குலம் கோத்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். அதன் முழுப் பெயர் ஜி.எம்.ஸி. ஸி.ஸி.கே.டபிள்யூ. கேட்பதற்குத் தந்தி ஆபீஸ் சங்கேதம்போல் இருந்தாலும் ஒவ்வோர் எழுத்துக்கும் பொருள் உண்டு. முதல் ஸி, 1941-ஆம் வருஷத்து மாதிரி என்பதைக் காட்டும். இரண்டாவது ஸி, யந்திரம் முன்னால் இருக்க, அதன் பின்னால் ஓட்டி உட்காரும் சாதாரண அமைப்பு என்று சொல்லும். கே என்றால் முன் சக்கரங்களுக்கும் யந்திரத்தின் சக்தி போகிறது. டபிள்யூ என்றால் பின்னால் இரண்டு அச்சுகள். கரடுமுரடான தரையில் இரண்டரை டன் பாரம் சுமக்கக்கூடிய இந்த லாரியைச் சிப்பாய்கள் 'ஜிம்மி' என்று செல்லமாக அழைத்தார்கள். 1941 முதல் 1945 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஜிம்மிகள் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தன. ஒவ்வொன்றிலும் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் 270 கன அங்குல யந்திரம். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 4.4 லிட்டர்.

இந்த லாரி செய்த பெரிய காரியம் எது என்று கேட்டால், சரித்திரம் படித்தவர்கள் 1944-ஆம் வருஷத்துப் பிரான்ஸைக் காட்டுவார்கள். அவ்வருஷம் ஜூன் 6-ஆம் தேதி நேச தேசங்களின் படை நார்மண்டிக் கரையில் இறங்கியது. ஆகஸ்டு மாதத்தில் அது எதிரியின் அணியை உடைத்துக்கொண்டு எதிர்பாராத வேகத்தில் முன்னேறிற்று. படை முன்னால் போய்விட்டது. பெட்ரோலும் குண்டும் ரொட்டியும் பின்தங்கிவிட்டன. ரெயில் பாதைகளையோ, எதிரிக்கு உதவக்கூடாதென்று நேச நாட்டு விமானங்களே முன்பு தகர்த்திருந்தன. ஆகவே ஆகஸ்டு 25-ஆம் தேதி 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்ற லாரிப் போக்குவரத்தைத் தொடங்கினார்கள். அமெரிக்க ரெயில்வேக்காரர்களின் பேச்சில், எதற்கும் நிற்காமல் முதலில் போக வேண்டிய சரக்குக்குச் 'சிவப்புப் பந்து' என்று பெயர். அதையே இதற்கும் வைத்தார்கள்.

போவதற்கு ஒரு சாலை, திரும்புவதற்கு ஒரு சாலை. இரண்டிலும் மற்ற வண்டிகளுக்கு இடமில்லை. பகலென்றும் இரவென்றும் பார்க்காமல் நவம்பர் 16-ஆம் தேதி வரை இந்த ஓட்டம் நடந்தது. உச்சத்திலிருந்த சமயத்தில் ஏறக்குறைய 6,000 வண்டிகள் ஒரே நாளில் 12,000 டன்னுக்கு மேல் சாமான்களைக் கொண்டு சேர்த்தன. மணிக்கு 25 மைலுக்கு மேல் போகக்கூடாதென்பது உத்தரவு. யுத்த காலத்து அவசரத்தில் அந்த உத்தரவு எந்த மட்டுக்கு நடந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். வேகத்தை அடக்குவதற்கென்று யந்திரத்தில் வைத்திருந்த கருவியைக் கழற்றிவிட்டு ஓட்டியவர்களும் உண்டு என்று எழுதியிருக்கிறார்கள்.

நிற்க. இந்தப் பெரிய கதைக்குள் மறைந்திருக்கும் சின்னக் கதைக்கு வருவோம்.

ஒரு சிலிண்டருக்கு இரண்டு வால்வுகள். ஒன்று பெட்ரோல் ஆவியையும் காற்றையும் உள்ளே விடும் வாசல். மற்றது எரிந்த புகையை வெளியே விடும் வாசல். ஆறு சிலிண்டருக்குப் பன்னிரண்டு வாசல்கள். யந்திரத்தின் முக்கிய அச்சான கிராங்க் ஷாப்டு இரண்டு சுற்றுச் சுற்றும் நேரத்தில் ஒவ்வொரு வாசலும் ஒரு முறை திறந்து மூட வேண்டும். நிமிஷத்துக்கு 2,400 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வால்வும் நிமிஷத்துக்கு 1,200 தடவை, அதாவது ஒரு விநாடிக்கு இருபது தடவை திறந்து மூடுகிறது. வாசகர் ஒரு முறை கண் இமைப்பதற்குள் வால்வு நாலைந்து முறை தன் கடமையைச் செய்துவிடுகிறது. 6,000 லாரிகளென்றால் 72,000 வால்வுகள். இவற்றில் ஒன்று சரியாக மூடவில்லையென்றாலும், அந்த லாரி மலையேற்றத்தில் மூச்சுத் திணறும். இரண்டு மூடவில்லையென்றால் சாலையோரத்தில் நின்றுவிடும்.

வால்வைத் திறப்பவர் யார்? அங்கேதான் ஒரு ஊர்வலமே இருக்கிறது. யந்திரத்தின் அடிவயிற்றில் கேம் ஷாப்டு என்ற தண்டு சுழல்கிறது. அதில் முட்டை வடிவான மேடுகள் பன்னிரண்டு. ஒவ்வொரு மேட்டின் மேலும் டேப்பெட் என்ற ஒரு சிறு கட்டை உட்கார்ந்திருக்கிறது. மேடு வரும்போது டேப்பெட் எழும்புகிறது. அதன் தலையில் நிற்கும் புஷ் ராடு என்ற நெடுங்கம்பியை உந்துகிறது. கம்பி ராக்கரின் ஒரு முனையைத் தூக்குகிறது. ராக்கர் என்பது குழந்தைகள் விளையாடும் ஏற்றப் பலகை போன்றது. ஒரு முனை எழுந்தால் மறு முனை தாழ்ந்து வால்வின் வாலை அழுத்துகிறது. வால்வு திறக்கிறது. மேடு விலகியதும் ஸ்பிரிங் வால்வை இழுத்து மூடிவிடுகிறது. இவ்வளவுதான். பன்னிரண்டு மேடு, பன்னிரண்டு டேப்பெட், பன்னிரண்டு கம்பி, பன்னிரண்டு ராக்கர், பன்னிரண்டு ஸ்பிரிங், பன்னிரண்டு வால்வு.

இப்போது இவற்றையெல்லாம் கழற்றி மேஜைமேல் வைத்தாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு டேப்பெட்டுகளும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கின்றன. வேண்டுமானால் அளந்து பார்க்கலாம். தொழிற்சாலையில் ஒரே அச்சில் பிறந்த சகோதரர்கள். எதை எங்கே பூட்டினால் என்ன?

இங்கேதான் அம்மியும் குழவியும் வருகின்றன. புதிதாகக் கொத்திய அம்மிக்கு எந்தக் குழவியும் பொருந்தும். இருபது வருஷம் ஒரே அம்மியில் அரைத்த குழவியை அடுத்த வீட்டு அம்மியில் வைத்துப் பாருங்கள். எங்கோ ஓரிடத்தில் மட்டும் தொடும்; மற்ற இடத்தில் மிளகாய் முழுசாக நிற்கும். அரைத்து அரைத்து ஒன்றின் தேய்மானத்துக்கு மற்றது வளைந்து கொடுத்திருக்கிறது. கேம் மேடும் டேப்பெட்டும் அதே மாதிரிதான். ஒரே மேட்டின்மேல் கோடிக்கணக்கான முறை உராய்ந்து, கண்ணுக்குத் தெரியாத அளவில் அவை ஒன்றையொன்று பழக்கிக்கொண்டுவிட்டன. ஒன்றாம் எண் டேப்பெட்டை ஏழாம் மேட்டில் வைத்தால், இரண்டும் ஒரு புள்ளியில் மட்டும் மோதி, எண்ணெய்ப் படலத்தைக் கிழித்து, சில நாளிலேயே மேட்டைத் தின்றுவிடும். டேப்பெட்டில் குற்றமில்லை, மேட்டிலும் குற்றமில்லை. இடம் மாறியதுதான் குற்றம்.

ஆகவே அனுபவஸ்தர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். பிரிப்பதற்கு முன்பே ஒரு பலகையில் வரிசையாகத் துளைகள் போட்டு, ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் எழுதி வைத்துவிடுகிறார்கள். கழற்றக் கழற்ற ஒவ்வொன்றும் தன் எண்ணுள்ள துளையில் போய் உட்காருகிறது. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கடுகின் இடத்தில் சீரகம் உட்காருவதில்லையல்லவா? அந்த நியாயம்தான். பூட்டும் வேலை, பிரிக்கும் முதல் திருகாணியிலேயே தொடங்கிவிடுகிறது என்று சொன்னால் மிகையில்லை. புதிய டேப்பெட் போட வேண்டியிருந்தால், மேட்டின் நிலையையும் கூடவே பார்க்க வேண்டும். தேய்ந்த மேட்டில் புதிய டேப்பெட் வாழாது.

அடுத்தது வால்வு. அதன் வடிவம் காளானைப்போல: மெல்லிய தண்டு, அகன்ற தலை. தலையின் ஓரம் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். பெரும்பாலான யந்திரங்களில் இந்தச் சரிவு 45 பாகை அல்லது 30 பாகை. அதே சரிவில் சிலிண்டர் ஹெட்டில் ஒரு பீடம் இருக்கிறது. தலையும் பீடமும் மயிரிழைகூட இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். அதற்காக இரண்டுக்கும் நடுவே நறநறவென்றிருக்கும் கிரைண்டிங் பேஸ்டைத் தடவி, வால்வை இடமும் வலமுமாகத் தேய்க்கிறார்கள். மத்தைக் கடைவதுபோல இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே குச்சியை உருட்டித் தேய்ப்பார்கள். அவ்வப்போது வால்வைத் தூக்கி, சற்றுத் திருப்பி வைத்துத் தொடர வேண்டும். ஒரே இடத்தில் தேய்த்தால் வட்டம் கோணிப்போகும். பளபளப்பு மறைந்து, தலையைச் சுற்றிலும் இடைவிடாத சாம்பல் நிற வளையம் ஒன்று தென்பட்டால் வேலை முடிந்தது என்று பொருள்.

பிறகு அந்தப் பேஸ்டில் ஒரு துளிகூட மீதியில்லாமல் கழுவிவிட வேண்டும். வால்வைத் தேய்த்த மருந்து யந்திரத்துக்குள் தங்கினால் எல்லாவற்றையும் தேய்த்துவிடும். கழுவிய பிறகு, வால்வைப் பூட்டி, மேலே மண்ணெண்ணெயை ஊற்றி, கொஞ்ச நேரம் காத்திருந்து பார்ப்பது ஒரு பரீட்சை. பீடத்தின் வழியாக ஒரு சொட்டு கசிந்தாலும் அந்த வால்வு பரீட்சையில் தவறிவிட்டது.

ஸ்பிரிங்குகளை வரிசையாக நிறுத்தி உயரம் பார்க்கிறார்கள். மற்றவற்றைவிடக் குட்டையாயிருப்பது சூட்டில் தளர்ந்தது. அதைத் தள்ளிவிட வேண்டும். தண்டுக்கு எண்ணெய் தடவி, வால்வைச் செருகி, ஸ்பிரிங்கைக் கருவியால் அழுத்தி, இரண்டு அரைவட்டத் துண்டுகளான லாக்குகளைத் தண்டின் வெட்டில் வைக்க வேண்டும். சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லாத இந்தத் துண்டுகள்தான் வால்வை விழாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று சரியாக உட்காராமல் போய், ஓடும்போது நழுவினால், வால்வு சிலிண்டருக்குள் விழுந்து பிஸ்டனை உடைத்துவிடும். ஆகவே பூட்டிய பிறகு மரச் சுத்தியால் லேசாக ஒரு தட்டுத் தட்டி, லாக்குகள் தங்கள் இடத்தில் உறைந்துவிட்டனவா என்று பார்ப்பது வழக்கம்.

புஷ் ராடுகளை ஒரு கண்ணாடிப் பலகைமேல் உருட்டிப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். நேரான கம்பி சத்தமில்லாமல் உருளும். வளைந்த கம்பி தத்தித் தத்திப் போகும். கம்பியை நிறுத்தும்போது அதன் கால், டேப்பெட்டின் குழியில் நிஜமாகவே இறங்கியிருக்கிறதா என்று விரலால் தொட்டறிய வேண்டும். விளிம்பில் நின்றுகொண்டு, குழியில் நிற்பதுபோல் பாசாங்கு செய்யும் கம்பிகள் உண்டு. ராக்கர்களைத் தாங்கும் தண்டு உள்ளே குழலானது. அதன் வழியாகத்தான் எண்ணெய் வருகிறது. அதிலுள்ள சிறு துளைகளைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, துளைகள் சரியான திசையை நோக்கும்படி பொருத்த வேண்டும். தலைகீழாய்ப் போட்டுவிட்டால் ராக்கர்கள் எண்ணெயின்றி வறண்டு தேயும். இந்தத் தண்டை இறுக்கும்போது எந்த போல்ட்டையும் ஒரே மூச்சில் முறுக்கிவிடக்கூடாது. சில வால்வுகளின் ஸ்பிரிங் அப்போதே எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று, பிறகு மறுபடி ஒரு சுற்று என்று சமமாக இறக்க வேண்டும். பந்தலைத் தூக்குகிறவர்கள் நாலு மூலையையும் சேர்ந்தாற்போல் தூக்குவதில்லையா?

இனி முக்கியமான கட்டம், இடைவெளி வைப்பது.

ராக்கரின் மூக்குக்கும் வால்வின் வாலுக்கும் நடுவே, வால்வு மூடியிருக்கும் சமயத்தில், ஒரு சிறு இடைவெளி விடவேண்டும். எவ்வளவு சிறிது? இவ்வகை யந்திரங்களில் பெரும்பாலும் ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி, அதில் பத்துப் பங்கிலிருந்து இருபது பங்குக்குள். ஒரு தபால் கார்டின் கனம், மிஞ்சிப்போனால் இரண்டு கார்டின் கனம் என்று வைத்துக்கொள்ளலாம். சரியான அளவை அந்தந்த லாரியின் கைப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்தான். "ஏன் ஸார், இடைவெளி இருந்தால் ராக்கர் ஒவ்வொரு தடவையும் டக் டக் என்று தட்டுமே? ஒட்டினாற்போல் வைத்துவிட்டால் சத்தமே இருக்காதே?" என்று கேட்டான்.

"தம்பி, உன் ஊரில் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைப் பார்த்திருக்கிறாயா?" என்றேன்.

"பார்த்திருக்கிறேன் ஸார். பட்டாவை நெருப்பில் பழுக்கக் காய்ச்சிப் போடுவார்கள். ஆறியதும் இறுகிப் பிடித்துக்கொள்ளும்."

"காய்ச்சும்போது பட்டா பெரிதாகிறது அல்லவா? வால்வும் அப்படித்தான் நீளுகிறது."

ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பி 100 பாகை சென்டிகிரேட் சூடேறினால் சுமார் 1.2 மில்லிமீட்டர் நீளுகிறது. புகை வால்வின் தலையோ ஓடும் யந்திரத்தில் 600 பாகைக்கும் மேல் காய்ந்து மங்கலாகச் சிவந்துவிடும். அப்போது நீளும் தண்டுக்கு இடம் வேண்டாமா? குளிர்ந்த நிலையில் ஒட்டினாற்போல் வைத்தவன், சூடேறியதும் வால்வைப் பீடத்தில் உட்காரவிடாமல் ராக்கரால் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறான். வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை இறக்கிவைப்பது பீடத்தில் உட்காரும் அந்த அற்ப நேரத்தில்தான். உட்கார இடமில்லாவிட்டால் சூடு இறங்காது. போதாததற்கு எரியும் வாயு அந்தச் சந்தின் வழியே ஊதுகுழல் நெருப்பைப்போல் சீறும். விரைவிலேயே வால்வின் விளிம்பு கரிந்து உதிரும். புகை வால்வு அதிகம் சூடாவதால்தான், பல யந்திரங்களில் அதற்குக் காற்று வால்வைவிடக் கூடுதலான இடைவெளி விதித்திருக்கிறார்கள்.

இடைவெளி மிகுந்தால் மட்டும் நல்லதா? அதுவும் அல்ல. வால்வு தாமதமாய்த் திறந்து சீக்கிரம் மூடும். யந்திரத்தின் பலம் குறையும். ராக்கர் சுத்திபோல் அடித்து எல்லாவற்றையும் தேய்க்கும். ஆனால் அது தன் குற்றத்தைத் தானே கூவிச் சொல்லிவிடுகிறது. இடைவெளி குறைந்த வால்வு ஒன்றும் சொல்லாது. மெக்கானிக்குகள் இதனால்தான் சத்தம் போடுகிற டேப்பெட்டை அவ்வளவாகச் சந்தேகிப்பதில்லை. சத்தமே போடாததைத்தான் சந்தேகிக்கிறார்கள். இன்னொரு சூட்சுமமும் உண்டு. ஓட ஓட வால்வின் தலை பீடத்துக்குள் சிறிது சிறிதாய் இறங்குகிறது. அந்த அளவுக்கு அதன் வால் மேலே எழும்பி, இடைவெளியைத் தானாகவே தின்றுகொண்டு வருகிறது. ஒரு முறை சரியாக வைத்துவிட்டோமே என்று நிம்மதியாயிருக்க முடியாது. குறித்த மைல் ஓடியதும் மறுபடி பார்த்தாக வேண்டும்.

பன்னிரண்டு வால்வுகளையும் எந்த வரிசையில் பார்ப்பது? ஆறு சிலிண்டர்களும் 1, 5, 3, 6, 2, 4 என்ற முறையில் வெடிக்கின்றன. முதல் மூன்றை மேல் வரியிலும் அடுத்த மூன்றைக் கீழ் வரியிலும் எழுதிப் பாருங்கள். ஒன்றுக்குக் கீழே ஆறு; ஐந்துக்குக் கீழே இரண்டு; மூன்றுக்குக் கீழே நாலு. எந்த ஜோடியைக் கூட்டினாலும் ஏழு! இந்த ஜோடிகளின் பிஸ்டன்கள் ஒன்றாகவே எழுந்து ஒன்றாகவே தாழ்கின்றன. ஆகவே ஒன்றாவது சிலிண்டரை அளக்க வேண்டுமானால் ஆறாவதைப் பார்க்க வேண்டும். யந்திரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தால், ஆறாவதில் புகை வால்வு மூடி முடிவதும் காற்று வால்வு திறக்கத் தொடங்குவதும் ஒரே சமயத்தில் நிகழும். இரண்டு ராக்கர்களும் தராசுத் தட்டுகளைப்போல் ஊசலாடும். அந்தக் கணத்தில் நிறுத்தினால் ஒன்றாவதின் வால்வுகள் இரண்டும் நிச்சயமாக மூடியிருக்கும், அளக்கலாம். பிறகு மூன்றில் ஒரு சுற்றுத் திருப்பினால் ஐந்தாவதின் முறை. இரண்டைப் பார்த்து ஐந்தை அளக்க வேண்டும். இப்படியே இரண்டு முழுச் சுற்றுக்குள் ஆறு சிலிண்டரும் முடிந்துவிடும். கணக்கு வாத்தியார்களுக்கு இதைவிட ருசியான உதாரணம் கிடைப்பது அரிது.

அளப்பதற்குப் பீலர் கேஜ் என்ற கருவி இருக்கிறது. வெவ்வேறு கனமுள்ள எஃகுத் தகடுகளை விசிறிபோல் கோத்தது. விதித்த அளவுள்ள தகட்டைச் சந்தில் நுழைத்து இழுத்தால், கனமான புத்தகத்தின் அடியிலிருந்து காகிதத்தை இழுப்பதுபோன்ற ஒரு லேசான பிடிப்புத் தெரிய வேண்டும். தாராளமாய் வந்தாலும் தப்பு. இழுத்துப் பறிக்க வேண்டியிருந்தாலும் தப்பு. அந்தப் பிடிப்பை எழுத்தில் விளக்க முடியாது. விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பூட்டு நட்டை முறுக்கும்போது திருகாணியும் கூடவே சற்று நகர்ந்துவிடும். ஆதலால் முறுக்கிய பிறகு மறுபடியும் தகட்டை விட்டுப் பார்ப்பது அவசியம்.

ரெட் பால் சாலையில் இதற்கெல்லாம் நேரமேது? ஓட்டிகள் தூங்கவே நேரமில்லை. ஓய்வில்லாமல் ஓடிய லாரிகள் விரைவிலேயே பழுதுபடத் தொடங்கின. சிப்பாய்களுக்கு யந்திரப் பராமரிப்பைப் புகட்டுவதற்கு அமெரிக்கப் படை ஒரு வேடிக்கையான வழியைக் கையாண்டது. 'ஆர்மி மோட்டார்ஸ்' என்ற பத்திரிகையில் சித்திரக் கதைகளைப் போட்டது. 1942-இல் படையில் சேர்க்கப்பட்ட வில் ஐஸ்னர் என்ற பிரபல சித்திரக்காரர் அதில் 'ஜோ டோப்' என்ற அசட்டுச் சிப்பாயை வரைந்தார். ஜோ டோப் எண்ணெய் பார்க்கமாட்டான், திருகாணி முறுக்கமாட்டான், அதன் பலனை அனுபவிப்பான். கடினமான கைப்புத்தகத்தைப் புரட்டாதவர்களும் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாடம் கற்றார்கள். படம் போடுவது வெறும் பொழுதுபோக்கென்று நினைக்கும் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரெட் பால் சாலையில் லாரி ஓட்டியவர்களில் நாலில் மூன்று பங்கினர் கறுப்பின அமெரிக்கர்கள். அவர்களுடைய சொந்த நாட்டுப் படையிலேயே அவர்களுக்குத் தனி முகாம், தனிப் பந்தி. போர் முனைக்கு லாயக்கற்றவர்களென்று பெரும்பாலோரைச் சுமை ஏற்றவும் வண்டி ஓட்டவும் வைத்திருந்தார்கள். அந்தக் 'கீழான' வேலை நின்றிருந்தால் மேலான தளபதிகளின் டாங்குகள் பெட்ரோலின்றி வயல்களில் நின்றிருக்கும். படையில் இனப் பாகுபாட்டை ஒழிக்கும் உத்தரவில் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்டது 1948 ஜூலை 26-ஆம் தேதி. யுத்தம் முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

லாரிகளுக்கு இந்த நியாயம் அநியாயம் ஒன்றும் தெரியாது. பிரான்ஸின் விடுதலைக்காக ஓடிய ஜிம்மிகளைப் பிரெஞ்சுப் படை பிறகு தன் பட்டறைகளில் புதுப்பித்துப் பல பத்தாண்டுகள் வைத்திருந்தது. 1954-இல் முடிந்த இந்தோசீன யுத்தத்தில், விடுதலை கேட்ட வியட்நாமியருக்கு எதிராகவும் அதே லாரிகள் ஓடின. யந்திரத்தை யார் எதற்கு ஓட்டுகிறார்கள் என்பது மனிதர்கள் தீர்மானிக்க வேண்டிய விஷயம். வால்வு அதைப்பற்றி அபிப்பிராயம் சொல்வதில்லை. ஆனால் எந்த முதலாளிக்காக ஓடினாலும், அதை ஓடவைத்தது பெயர் தெரியாத கைகள் என்பது மட்டும் மாறவில்லை.

நம் படித்த குடும்பங்களில், கையில் எண்ணெய் படியும் வேலையைச் சற்று மட்டமாக நினைக்கும் வழக்கம் இன்றும் போகவில்லை. பரீட்சையில் தவறிய பையனைத்தான் பட்டறைக்கு அனுப்புகிறோம். அங்கே அவன் செய்யவேண்டிய வேலையைப் பாருங்கள். பன்னிரண்டு உறுப்புகளின் எண்ணை மறக்காமல் வைத்திருக்க வேண்டும். சூட்டின் இயல்பு தெரிய வேண்டும். ஏழின் கூட்டல் தெரிய வேண்டும். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை விரல் உணர வேண்டும். யாரும் பார்க்காவிட்டாலும் பேஸ்டை முழுதும் கழுவ வேண்டும். எந்தப் பட்டத்துக்கான பரீட்சை இவ்வளவையும் ஒருங்கே கேட்கிறது? 1944-ஆம் வருஷத்து மெக்கானிக்குகளில் இன்று இருப்பவர்கள் மிகச் சிலர். அவர்களுடைய கைப்புத்தகம் அச்சில் இருக்கிறது. அவர்களுடைய விரலில் இருந்த பிடிப்பு அச்சில் இல்லை. அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத்தான் போகும். வாங்கிக்கொள்ளக் கை நீளாவிட்டால் அத்துடன் முடிந்துவிடும். பழைய லாரிகளை இன்று பூட்டுகிறவர்கள் இரும்பைக் காப்பாற்றுவதோடு அந்தப் பிடிப்பையும் காப்பாற்றுகிறார்கள் என்பதே என் அபிப்பிராயம்.

எல்லாம் பூட்டியாயிற்று. இனிச் சாவியைத் திருப்பலாமா? அவசரம் வேண்டாம். முதலில் ராக்கர்களின்மேல் தாராளமாக எண்ணெய் ஊற்ற வேண்டும். பிறகு முன்னாலுள்ள கைப்பிடியால் யந்திரத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கேனும் தடுத்தால், பலத்தைக் காட்டாமல் காரணத்தைத் தேட வேண்டும். தடையில்லையென்றால் கிளப்பலாம். ஆறு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாய் விழித்து, மேலே பன்னிரண்டு ராக்கர்களும் தறி நாடாபோல் சீராகத் தட்டும். அந்தச் சத்தத்தில் மயங்கி மூடியைப் போட்டு மூடிவிடக்கூடாது. யந்திரம் நன்றாகச் சூடேறட்டும். பிறகு தகட்டை எடுத்து, கைப்புத்தகம் சொல்லும் முறையில் பன்னிரண்டு இடைவெளிகளையும் மறுபடி ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.